மஞ்சள் லைட்டும் மூத்த மகனும்

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. நான் வளர்த்து ஆளாக்கியது ஆறு பிள்ளைகளை. நாலு என் வயிற்றில் பிறந்தது, ரெண்டு என் கொழுந்தன் விட்டுவிட்டுப் போனது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஆறு பிள்ளை வளர்த்தவளிடம் யாரும் பொய்யைக் கொண்டுவந்து விற்க முடியாது. வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே பரீட்சை என்ன ஆனது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட என் கண் முன்னால்தான் வண்டியில் அந்த மஞ்சள் லைட் எரிந்தது.

மாசி மாதம். பனி இன்னும் விலகவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் வாழை இலைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வண்டிக்குள் ஈர இலை வாசனை. கருங்குளம் தாண்டி, முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த செங்கல் லாரியை முந்தப் பார்த்தான் பேச்சிமுத்து. என் வண்டியை ஒன்பது வருசமாக ஓட்டுகிறவன் அவன். பாதி முந்தியதும் வண்டி இழுக்க மாட்டேன் என்றது. எதிரே பஸ் வருகிறது. அவன் பிரேக்கை அழுத்தி லாரிக்குப் பின்னாலேயே ஒதுங்கிவிட்டான். லாரியின் செங்கல் தூசி எல்லாம் எங்கள் கண்ணாடியில்.

"ஆச்சி, லைட்டு எரியுது" என்றான்.

"எந்த லைட்டுலே?"

"எஞ்சின் லைட்டு."

"நேத்து எரிஞ்சுதா?"

"இல்ல ஆச்சி."

"அப்ப இன்னைக்கு மட்டும் எதுக்கு எரியுது? நீ என்ன செஞ்ச?"

"நான் என்னத்த ஆச்சி செஞ்சேன்? ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டுல்லா இருக்கேன்."

எனக்குப் பொங்கல் ஞாபகம் வந்துவிட்டது.

பொங்கலன்று கையடித்த பேச்சு

என் மூத்தவன் நம்பி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பதினோராவது மாடியில் வீடு. ஒரு தடவை போய் இருந்து பார்த்தேன். மேலே இருந்து எட்டிப் பார்த்தால் மனுசர்களின் உச்சந்தலை மட்டும்தான் தெரிகிறது. முகம் தெரியாத ஊரில் நான் யாரைப் பார்த்து என்ன பேச? ஊருக்குத் திரும்பி வந்து ஆற்றைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

போன வருசம் வாய்க்கால் படியில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கிப்போனது. அதிலிருந்து நம்பிக்கு ஒரே பாட்டு. "அம்மா, தனியா இருக்காத. எங்கூட வந்துரு." நான் அசையவில்லை. என் தோட்டம் அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம். என் இலை போகிற ஓட்டல்கள் டவுனில். வண்டி இருக்கிறது, பேச்சிமுத்து இருக்கிறான். எனக்கு என்ன குறை?

பொங்கலுக்கு எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தபோது, சாப்பிட்ட கை காய்வதற்குள் அவன் ஒரு பேச்சை எடுத்தான்.

"சரிம்மா. இந்த வண்டி ஓடுத வரைக்கும் நீ இங்கன இரு. அது நின்னுட்டுன்னா, புதுசு வாங்கப்பிடாது. ஒரு வார்த்தை பேசாம எங்கூட வந்துரணும்."

நான் கையடித்துக் கொடுத்தேன். எல்லோரும் பார்க்கத்தான். வண்டி பழசு, டீசல் வண்டி, ஆனால் குதிரை மாதிரி. நான் இலை விற்று வாங்கினது. என்னை அது கைவிடாது என்ற தைரியம். சொன்ன சொல்லை நான் மீறினவள் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

பொங்கலுக்குக் கையடித்தேன். மாசியில் லைட் எரிகிறது. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

கருவி சொன்ன எண்

பாளையங்கோட்டையில் சாமுவேல் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். நல்ல வேலைக்காரன். ஆனால் நம்பியோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ரெண்டு பேரும் ஒரே தட்டில் என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை அட்டை அகலத்தில் ஒரு கருவியை எடுத்து, அதன் வாலை ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகினான். கருவியில் எழுத்து ஓடியது.

"பி, சைபர், ஒண்ணு, சைபர், ஒண்ணு" என்று வாசித்தான்.

"அது யார் வீட்டு நம்பர்?"

சிரித்தான். "எரர் கோடும்மா. வண்டிக்கு உள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. எஞ்சினுக்கு எவ்வளவு காத்து போவுதுன்னு ஒரு சென்சார் அதுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். வரவேண்டிய அளவுக்கும் வந்த அளவுக்கும் பொருந்தலன்னா, இந்த நம்பரப் போட்டு லைட்ட எரிய விட்டுரும். வண்டியையும் ரொம்ப இழுக்க விடாது."

பானெட்டைத் தூக்கி, அந்தச் சென்சாரைக் கழற்றி, ஒரு மருந்தைப் பீச்சித் துடைத்து மாட்டினான். கருவியில் எதையோ அழுத்தினான். லைட் அணைந்தது.

"அவ்வளவுதாம்மா. அழிச்சாச்சு."

"எரியுத லைட்ட அணைச்சா நோக்காடு போயிருமாலே?"

"போய்ட்டு வாங்கம்மா, பாப்போம்."

ரெண்டு நாளில் மறுபடி எரிந்தது. அதே கருங்குளம் ரோட்டில், வேகம் எடுத்தபோது. திரும்பவும் போனோம். சென்சார் செத்துவிட்டது என்று புதுசு மாட்டினான். கழற்றின பழசை என் கையில் கொடு என்றேன்.

"அது எதுக்கும்மா ஒங்களுக்கு?"

"எனக்கு வேணும்."

மஞ்சப்பையில் போட்டுக்கொண்டேன். எந்த வண்டியில் எதை மாற்றினாலும் பழைய சாமானைக் கேட்டு வாங்குவது என் வழக்கம். மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்கிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் இந்தத் தொடரில் இலைக்கட்டைப் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "ஆச்சி, உங்களுக்கு யாரையுமே நம்பத் தெரியாதா?" என்று கேட்டு எழுதியிருந்தாள். தெரியும் தாயே. பிரித்துப் பார்த்த பிறகு நம்புவேன். திருச்செந்தூர் பாசஞ்சரில் இலைக்கட்டோடு ஏறி இறங்கின காலத்தில் நான் படித்த படிப்பு அது. கட்டின் மேலும் கீழும் நல்ல நுனி இலை இருக்கும். நடுவில் கை விட்டால் கிழிசல். விற்கிறவன் முகத்தில் சாமி குடியிருக்கும். நான் அவன் முகத்தைப் பார்க்கவே மாட்டேன், நடுக்கட்டைத்தான் பார்ப்பேன்.

புது சென்சார் ஒரு வாரம் தாங்கியது. அப்புறம் எரிந்தது.

யார் யாரோடு பேசினார்கள்

அந்த வாரம் முழுக்க நான் கவனித்தேன்.

பேச்சிமுத்து வேப்ப மரத்தடியில் நின்று போனில், "சரிண்ணே, சரிண்ணே, நான் பாத்துக்கிடுதேன்ணே" என்று பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குரல் இறங்கியது.

"யாருலே போன்ல?"

"நம்பி அண்ணன் ஆச்சி. நீங்க மாத்திரை போடுதீங்களான்னு கேட்டாக."

"அத எங்கிட்டல்லா கேக்கணும்?"

"நீங்க போட்டேன்னு பொய் சொல்லுவீங்களாம்."

நம்பியோ சாயங்காலம் தவறாமல் கூப்பிட்டான். எடுத்ததும், "வண்டி எப்படிம்மா இருக்கு?" இத்தனை வருசத்தில் அவன் வண்டியை நலம் விசாரித்ததே கிடையாது. குரலில் கருப்பட்டிப் பாகு வழிந்தது. "நல்லா இருக்கு" என்று சொல்லி போனை வைத்தேன். அவனுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

வண்டிச் சாவியை அன்றிலிருந்து நானே இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நம்பியின் மகள் கோமதி பாளையங்கோட்டையில் தங்கிப் படிக்கிறாள். சனி, ஞாயிறு என்னிடம் வந்துவிடுவாள். எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும்தான் தெரியும். இந்தத் தொடரை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவள்தான். அவளிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன்.

"ஆச்சி, எங்கப்பாவுக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது. அவங்க போய் வண்டியக் கெடுத்தாங்களா?"

"தெரியாதவன்தாம்ட்டி கெடுப்பான்."

"அப்போ சாமுவேல் மாமா?"

"அவன் தெரிஞ்சவன். அவனும் கெடுப்பான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொள்ளட்டும். இதையும் எழுதட்டும்.

நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்

மூன்றாவது தடவை ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வண்டியின் மூக்குக்கு நேரே போட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா, ஆயில் தெறிக்கும். உள்ள ஃபேனுக்கு அடியில உக்காருங்க."

"தெறிக்கட்டும். ஏலே சாமுவேலு, நேரா கேக்கேன். நம்பி ஒங்கிட்டப் பேசினானா?"

"போன வாரம் பேசுனாம்மா. எங்க பள்ளிக்கூட செட்டு ஒண்ணு கூடுதோம்..."

"வண்டியப் பத்திப் பேசினானா?"

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். "கேட்டான். சரியாயிருமான்னு கேட்டான். அம்மா, நீங்க என்ன நினைக்கீங்கன்னு எனக்குப் புரியுது. ஆண்டவர் சத்தியமா சொல்லுதேன்..."

"ஆண்டவர எதுக்கு இழுக்க? என் வண்டி நின்னா நான் பெங்களூரு போணும். அது ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப வேலையப் பாரு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அவன் முகம் சிவந்துபோனது. ஆனால் அன்றைக்குத்தான் வேலையை வேலையாகச் செய்தான் என்பேன். என் மஞ்சப்பையில் இருந்த பழைய சென்சாரை வாங்கி மாட்டி, கருவியைப் பார்த்தான். பிறகு புதுசை மாட்டிப் பார்த்தான். ரெண்டும் காற்றின் அளவுக்கு ஒரே எண்ணைக் காட்டின.

"பழசு சாகலம்மா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "நான்தான் அவசரப்பட்டுட்டேன். கோடு வந்தா அந்தச் சாமான் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. காத்து கொறையுதுன்னு அது சொல்லுது. எங்கன கொறையுதுன்னு நாமதான் தேடணும். பழசே இருக்கட்டும், புதுச நான் எடுத்துக்கிடுதேன்."

"இத மொதல்லயே தேடியிருக்கலாம்லா?"

"தேடியிருக்கலாம்."

ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொள்கிறவனைக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகப்பட வேண்டும். நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டேன்.

குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். எங்கும் விரிசல் இல்லை. பிறகு காற்றை வடிகட்டுகிற பெட்டியைத் திறந்தான். திறந்தவன் தும்மினான். விடாமல் தும்மினான். எட்டிப் பார்த்த பேச்சிமுத்துவும் தும்மினான். நெடி எனக்கும் வந்தது. அது எனக்குத் தெரிந்த நெடி.

என் மாமியாருக்கு மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. உண்டு என்று அவர் சாகிறவரை ஒத்துக்கொள்ளவில்லை. டப்பியை நெல் குதிருக்குள் ஒளித்து வைப்பார். சேலைத் தலைப்பை முகர்ந்து பார்த்தே நான் கண்டுபிடித்துவிடுவேன். அதே காரம், அதே மக்கல் வாசனை.

"வண்டிக்குள்ள மூக்குப்பொடி எப்படிலே வந்துச்சு?"

"மூக்குப்பொடி இல்லம்மா, பொகையிலத் தூளு. எலிக்குக் கட்டிப் போட்டிருப்பீங்க. எல்லா வண்டியிலயும் கெடக்கறதுதான."

அது உண்மைதான். எங்கள் பக்கம் எந்த வண்டியின் பானெட்டைத் திறந்தாலும் ஒரு துண்டு புகையிலை கிடக்கும். அந்த நெடிக்கு எலி வராது, ஒயரைக் கடிக்காது என்று ஒரு நம்பிக்கை. டிரைவர்கள் வெற்றிலைக் கடையில் வாங்கிச் செருகிவைப்பார்கள். அதனால் அதை யாரும் ஒரு பொருளாகவே மதிப்பதில்லை. சாமுவேல் வடிகட்டியை உதறி, ஊதி, திரும்ப மாட்டினான். பானெட்டைத் திறந்து வைத்தபடியே எஞ்சினை முடுக்கிப் பார்த்தான். கருவியில் எண் அழகாக ஏறியது.

"இப்ப ரோட்டுல போட்டுப் பாப்போம். நீங்க இங்கன இருங்கம்மா, வந்துருதோம்."

"என் வண்டி. நான் எதுக்கு எறங்கணும்?"

செய்துங்கநல்லூர் ரோட்டில்

சாமுவேல் ஓட்டினான். பேச்சிமுத்து பக்கத்தில் கருவியை மடியில் வைத்து எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். நான் பின்னால், ரெண்டு பேரின் பிடரியையும் பார்த்தபடி.

மெதுவாகப் போகிறவரை ஒன்றுமில்லை. வேகம் எடுத்ததும் பேச்சிமுத்துவின் குரல் மாறியது. "ஏறுது, ஏறுது... அண்ணே, எறங்குது." மஞ்சள் லைட் எரிந்தது.

அந்தப் பதினோராவது மாடி கண்ணில் வந்து நின்றது. வாழைத்தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்தினார்கள். நான் இறங்கி நின்றுகொண்டேன். இனி யார் என்ன செய்தாலும் என் கண்ணில் படாமல் போகக் கூடாது.

சாமுவேல் எஞ்சினை அணைக்காமலே பானெட்டைத் தூக்கினான். பேச்சிமுத்துவை ஓட்டுகிற சீட்டுக்கு மாறி ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னான். எண் ஜோராக ஏறியது. குனிந்து குனிந்து பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. "ஒரு மண்ணும் புரியல" என்று பானெட்டைப் படாரென்று சாத்தினான். பேச்சிமுத்து காலை எடுக்கவில்லை.

"அண்ணே! விழுந்துட்டு!"

"என்னதுலே விழுந்துட்டு?"

"நம்பரு!"

சாமுவேல் திரும்பவும் தூக்கினான். எண் ஏறியது. சாத்தினான். விழுந்தது. மறுபடி தூக்கிச் சாத்தினான். அதே கதை. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பிறகு அவன் பானெட்டைப் பைய இறக்கினான். முழுக்க மூடாமல், ஒரு சாண் இடைவெளி விட்டு, போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தான்.

"அடப்பாவி" என்றான்.

பானெட்டின் உள்பக்கத்துக் கம்பியில் ஒரு புகையிலைத் துண்டு தொங்கியது. முழங்கை நீளம், நல்ல அகலமான இலை. அதைக் கட்டியிருந்த நார் எஞ்சின் சூட்டில் காய்ந்து தளர்ந்துவிட்டது. பானெட்டைத் தூக்கினால் அதுவும் கூடவே மேலே போய்விடும். மூடினால் நேரே எஞ்சின் காற்று இழுக்கிற குழாயின் வாயில் வந்து படியும். எஞ்சின் கொஞ்சம் உறிஞ்சினால் சும்மா கிடக்கும். பலமாக உறிஞ்சினால் வாயில் அப்பிக்கொள்ளும். வண்டிக்கு மூச்சு முட்டும்.

"மூணு தடவையும் இது என் தலைக்கு மேலதாம்மா தொங்குச்சு" என்றான் சாமுவேல். "நாங்க எல்லாச் சோதனையும் தொறந்து வச்சுல்லா செஞ்சோம்."

அந்த முடிச்சு

சாமுவேல் அதைப் பிய்த்து எறியப் போனான். "எறியாத, இங்கன குடு" என்று வாங்கிப் பார்த்தேன்.

வாழைநார். ரெண்டு சுற்று, ஒரு மடிப்பு, மடிப்புக்குள் நுனியைச் செருகி இழுத்த முடிச்சு. இலைக்கட்டுக்கு நான் போடுகிற முடிச்சு அது. ஒரே இழுப்பில் அவிழும், தானாக அவிழாது. சந்தையில் மற்றவர்கள் போடுவது வேறு. என் பிள்ளைகள் ஆறு பேருக்கும் நான் சொல்லிக் கொடுத்தேன். பேச்சிமுத்துவுக்கு எத்தனை தடவை காட்டியும் வரவில்லை.

ஆறு பேரில் பொங்கலன்று வண்டிப் பக்கம் போனவன் யார் என்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்று பேச்சிமுத்துவோடு வண்டியருகே நின்றவன் நம்பி ஒருவன்தான்.

"ஏலே பேச்சிமுத்து, இதக் கட்டுனது யாரு?"

அவன் வாழைத்தோட்டத்தைப் பார்த்தான். "பொகையில வாங்கிக் குடுத்தது நாந்தான் ஆச்சி. கட்டுனது... அண்ணன்."

"இத்தன நாளு எதுக்கு வாயத் தொறக்கல?"

"இதுவா இருக்கும்னு யாருக்கு ஆச்சி தெரியும்?"

அங்கேயே, ரோட்டு ஓரத்தில் நின்றே நம்பிக்குப் போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"நம்பி, பானெட்டுல பொகையில கட்டுனது யாருலே?"

"ஏம்மா, என்னாச்சு?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"நான்தாம்மா. பொங்கலுக்கு வந்தப்ப. பக்கத்து வீட்டு வண்டியில எலி ஒயரக் கடிச்சுட்டுன்னு சொன்னாங்கள்லா. நம்ம வண்டியும் நின்னுட்டா, நாந்தான் நிப்பாட்டுனேன்னு ஊரெல்லாம் சொல்லுவ நீ."

சாமுவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். பேச்சிமுத்துவின் தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வண்டி நின்னாத்தானலே ஒனக்கு நல்லது? நான் அங்கன வரணும்னு ஒத்தக் கால்ல நின்னியே?"

போனில் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று பேச்சிமுத்து குனிந்து பார்த்தான். பிறகு நம்பியின் குரல் வந்தது.

"வரணும்தாம்மா. அதுக்காக வண்டிய நிப்பாட்டியா ஒன்னயக் கூட்டிட்டு வருவேன்?"

நான் போனை வைக்கச் சொல்லிவிட்டேன்.

சாமுவேல் கருவியில் அந்தக் கோடு எண்ணை அழித்தான். அன்றிலிருந்து லைட் எரியவில்லை. இதைச் சொல்கிற இந்த வாரம்கூட டவுனுக்கு இலை கொண்டுபோய்விட்டுத்தான் வந்தேன். செங்கல் லாரிகளை எல்லாம் முந்திக்கொண்டு போகிறான் பேச்சிமுத்து. நான் என் வீட்டில்தான் இருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு வீடு திரும்பி, காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் எனக்கு இன்னொன்று தோன்றியது. தாயைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று மெய்யாகவே நினைக்கிறவன், எலி தன் வேலையைப் பார்க்கட்டும் என்று விட்டிருப்பானே? வண்டி நின்றுவிடக் கூடாது என்று பொங்கல் சோற்றின் ஈரம் காயாத கையால் அவ்வளவு கருத்தாக எதற்குக் கட்டினான்? நான் வர மாட்டேன் என்று தெரிந்துதான் இத்தனை நாளும் வா வா என்று கூப்பிட்டானோ? பதினோராவது மாடியில் எனக்கு இடம் உண்டா, இல்லையா?

அவனிடம் கேட்கலாம். "அப்படியெல்லாம் இல்லம்மா" என்பான். போனில் முகம் தெரியாது. செருப்புக் கழற்றுகிற சத்தமும் கேட்காது.

கோமதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். "ஆச்சி, இதையுமா எழுதணும்? அப்பா படிப்பாங்க" என்கிறாள். எழுது. அவன் படிக்கத்தான் சொல்கிறேன்.

எழுதிட்டியாட்டி? சரி, இப்ப நீ எழுதினத எனக்கு வாசி. நீ அவன் மகள். உங்கப்பன் பேச்சுல இனிப்பா ஒரு வார்த்தையச் சேத்திருக்கியான்னு நான் பாக்கணும். முழுசும் வேண்டாம். போன்ல சத்தம் இல்லாம இருந்துச்சே, அந்த இடத்துல இருந்து வாசி. பைய வாசி. ஓட்டமா வாசிச்சா, அவன் எவ்வளவு நேரம் யோசிச்சான்னு தெரியாமப் போயிரும்.